பாரிஸிலிருந்து வெனிஸ் வரை முதல் ரயில் பயணம்: மன்ஹைமில் 7 நிமிடத்தில் வண்டி மாற முடியுமா?

முதல்முறைப் பயணி:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் இரண்டு வாரம் ஐரோப்பா போகிறோம். நான், 68 வயது அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, ஒன்பது வயது மகள். பாரிஸில் இறங்கி, கோல்ன், சூரிக், மிலான் பார்த்து வெனிஸில் முடிக்கிறோம். நடுவில் எல்லாமே ரயில்தான் என்று நான்தான் பிடிவாதமாக முடிவு செய்தேன். இப்போது இரவு இரண்டு மணிக்கு டிக்கெட் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கிறேன்.

கோல்னிலிருந்து சூரிக் போகத் தளம் காட்டும் வழியில் மன்ஹைம், பாசல் என்று இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும். மன்ஹைமில் கிடைப்பது 7 நிமிடம். நான்கு பேர், மூன்று பெரிய சூட்கேஸ். இது நடக்கிற காரியமா?

பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் மாதிரியான யூரெயில் பாஸ் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். வாங்கவே வாங்காதே என்கிறார் இன்னொருவர்.

என் பாஸ்போர்ட்டிலும் அப்பா பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது.

அப்புறம் லக்கேஜை எங்கே ஒப்படைப்பது? எவ்வளவு நேரம் முன்னால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? "பேசாமல் விமானத்திலேயே போய்விடலாமே" என்று அப்பா தினமும் ஒரு முறை சொல்கிறார். அவருக்குப் பதில் சொல்வதற்காவது யாராவது உதவுங்கள்.


பாஸ் பக்தன்:

யூரெயில் பாஸ் வாங்கிவிடுங்கள், தலைவலி இல்லை. ஒரு மாதத்துக்குள் 4 நாள் பயணம் என்று ஒரு பாஸ் இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெரியவரோடு போனால் பாஸ் இலவசம். இன்டர்ரெயில் என்று வேறொன்று கண்ணில் பட்டால் அதை வாங்காதீர்கள், அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. நான் இரண்டு முறை பாஸில்தான் சுற்றினேன். நினைத்த ரயிலில் ஏறலாம், நினைத்த இடத்தில் இறங்கலாம்.


ரைன்கரைக்காரி:

முதலில் அந்த 7 நிமிட ரயிலை விட்டுவிடுங்கள்.

நான் மைன்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வேலைக்குப் போவதும் வருவதும் ரயிலில். சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் சொந்தக்காரர்கள் என்று இதுவரை எத்தனை பேரை ரயிலேற்றி அனுப்பினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அவர்கள் யாருமே ரயிலுக்குள் உட்கார்ந்த பிறகு கஷ்டப்பட்டதில்லை. கஷ்டமெல்லாம் பிளாட்பாரத்தில்தான். ஏறுவதற்கு முந்தைய பத்து நிமிடம், மாறும்போது ஒரு பத்து நிமிடம். அதனால் அந்தப் பத்து நிமிடங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளும்.

மன்ஹைமில் 7 நிமிடம் என்பது அட்டவணை போட்டவரின் கிறுக்குத்தனம் இல்லை. அங்கே பல நேரம் இரண்டு ரயில்களும் ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் வந்து நிற்கும். இதிலிருந்து இறங்கி எதிரே ஏற வேண்டியதுதான். ஆனால் முதல் ரயில் நேரத்துக்கு வந்தால்தான் இந்தக் கதை. ஜெர்மனியில் தொலைதூர ரயில் தாமதமாக வருவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை, மழை பெய்கிறது என்பது மாதிரி. தளம் காட்டும் நேரம், ஒற்றைப் பையோடு ஊர் தெரிந்த ஓர் ஆள் மாறுவதற்கு. மூன்று சூட்கேஸுக்கும் ஒரு முழங்காலுக்கும் அது ஆகாது. தேடும் பக்கத்தில் மாறும் நேரத்தைக் கூட்டிவைக்க ஓர் இடம் இருக்கும். அதில் 30 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்துவிட்டு மறுபடி தேடுங்கள். பயணம் ஒரு மணி நேரம் நீளலாம். நீளட்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். கோல்னிலிருந்து சூரிக் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். பாசல் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று துண்டுபோட்டால் சில யூரோ மிஞ்சுகிற மாதிரி தெரியும். மலிவான டிக்கெட் எல்லாம் குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போட்டவை. ஒரே டிக்கெட்டாக இருந்து, முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், அடுத்து வருகிற ரயிலில் போகலாம். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது ரயில்காரருக்கு உங்கள் முதல் ரயிலைப் பற்றிக் கவலையே இல்லை. புது டிக்கெட்தான்.

பாஸ் விஷயத்தில் முந்தைய பதிலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. உங்கள் திட்டத்தில் நீண்ட பயணம் நான்கே. பாரிஸ்–கோல்ன் யூரோஸ்டார், சூரிக்–மிலான், மிலான்–வெனிஸ் அதிவேக ரயில், இந்த மூன்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கை ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் காசு. யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் அளவானது. தேதி முடிவான ஆள் முன்கூட்டியே டிக்கெட் வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு. இன்றைக்கே இரண்டையும் தாளில் கூட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. இதைப் படிக்கிற வேறு யாராவது டிசம்பரில் போவதாக இருந்தால் ஒன்று: ஐரோப்பா முழுக்க டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் கால அட்டவணை மாறும். அதற்குப் பிந்தைய ரயில்கள் தளத்தில் காணவில்லை என்றால் ரயிலே கிடையாது என்று அர்த்தம் இல்லை, இன்னும் திறக்கவில்லை.

பெயர்: என் மாமனாருக்கும் இதே காலி இடம்தான். இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டோம். பரிசோதகர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். முழுப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி இருக்கட்டும், செல்லப் பெயர், சுருக்கம் எதுவும் வேண்டாம். எல்லை தாண்டும் ரயிலில் போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பதும் உண்டு. அது கைப்பையில் இருக்கட்டும், மேல் தட்டில் இருக்கும் சூட்கேஸின் அடியில் வேண்டாம்.

லக்கேஜை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. எடை போடுவதும் இல்லை. நீங்களே தூக்கி ஏற்ற வேண்டும், நீங்களே இறக்க வேண்டும். ரயில்பெட்டியின் ஓரத்தில் ஒரு தட்டு, இருக்கைகளின் முதுகுகளுக்கு நடுவே இடுக்கு, தலைக்கு மேல் பலகை, இவ்வளவுதான் இடம். இதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: தன் சூட்கேஸைத் தானே மூன்று படி தூக்க முடியாதவர் அந்த அளவு சூட்கேஸ் கொண்டுவரக் கூடாது. மூன்று பெரியதுக்குப் பதில் நான்கு நடுத்தரம் மேல். சாப்பாட்டை நீங்களே கொண்டுபோகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஜெர்மனியில் ஸ்டேஷன் கழிப்பறைக்குச் சுமார் ஒரு யூரோ, ரயிலுக்குள் இலவசம். எப்போது போக வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி பிளாட்பாரம்.

பலகையில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள், ரயில் எண்ணைத் தேடுங்கள். பலகை காட்டுவது ரயிலின் கடைசி ஊரை. பாசல் போகும் ரயிலுக்கு மேலே "இன்டர்லாக்கன்" என்றோ "கூர்" என்றோ போட்டிருக்கும். நீங்கள் பாசலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், ரயில் போய்விடும். சுவரில் ஒட்டிய அச்சு அட்டவணை என்றால் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, இத்தாலி மூன்றிலும் அப்படித்தான். வெள்ளைத் தாள் முன்னால் நின்று குழம்பும் குடும்பம் ஒன்றையாவது வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன்.

ஜெர்மன் பிளாட்பாரத்தில் மேலே ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் கோச் எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று திரையிலும் செயலியிலும் காட்டும், அங்கே போய் நில்லுங்கள். நின்றுகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொல்வார்கள். உடனே பிளாட்பாரத்தில் பாதிப் பேர் இடமிருந்து வலமாகவும் மீதிப் பேர் வலமிருந்து இடமாகவும் ஓடத் தொடங்குவார்கள். பயப்பட வேண்டாம். இன்றைக்கு ரயில் தலைகீழ் வரிசையில் வருகிறது என்று அறிவித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓட முடியாவிட்டால் கிடைக்கும் கதவில் ஏறி உள்ளே நடந்து போகலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. சில ரயில்கள் இரண்டு ரயில்களைச் சேர்த்துக் கோர்த்தவை, நடுவில் உள்ளே நடந்து கடக்க முடியாது, வழியில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போய்விடும். பெர்லினிலிருந்து வரும் ரயில் ஹம் என்ற இடத்தில் அப்படிப் பிரியும். கோல்ன் வர வேண்டிய நான் ஒரு முறை ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கி டுசல்டோர்ஃபில் கண் விழித்தேன்.

கதவு தானாகத் திறக்காது. இதைத் தனிப் பத்தியாகவே எழுதுகிறேன். பொத்தானை அழுத்த வேண்டும், பச்சை விளக்கு எரிந்ததும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் மரியாதையாகக் காத்து நின்றேன். ரயிலும் இரண்டு நிமிடம் மரியாதையாக நின்றது, பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டே கிளம்பிவிட்டது. பொத்தான் வேலையை உங்கள் மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்தத் தூரத்துக்கு யாரோ ரிசர்வ் செய்திருக்கிறார்கள். ஜெர்மன் ரயிலில் "கெகெபெனென்ஃபால்ஸ் ஃப்ரைகேபன்" என்பதன் சுருக்கம் (ggf. freigeben) திரையில் தெரிந்தால், உட்காரலாம், கேட்டால் எழுந்துகொடுக்க வேண்டும் என்று பொருள். ஜெர்மனியில் ரிசர்வேஷன் கட்டாயம் இல்லை, டிக்கெட் வாங்கினால் இருக்கை வந்துவிடாது. நான்கு பேர் என்பதால் தனியாகக் காசு கொடுத்து ரிசர்வ் செய்துவிடுங்கள். மேஜையோடு நான்கு இருக்கை கேளுங்கள்.

இன்னொரு கோல்ன் சிக்கல். டிக்கெட்டில் "கோல்ன் ஹவுப்ட்பான்ஹோஃப்" என்று இருக்கிறதா, "கோல்ன் மெஸ்ஸே டாய்ட்ஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது தேவாலயத்தின் காலடியில். இரண்டாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம். சில அதிவேக ரயில்கள் அங்கே மட்டும்தான் நிற்கும்.

வழியைப் பற்றி என் சொந்த ஆசை ஒன்று. கோல்னிலிருந்து அதிவேகப் பாதையில் போனால் சீக்கிரம் போகலாம், பார்க்கச் சுரங்கமும் நெடுஞ்சாலையும்தான். பழைய பாதையில், கோப்லென்ஸ் வழியாக மைன்ஸ் வரும் ரயிலைப் பிடியுங்கள். தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல். கோப்லென்ஸ் தாண்டியதிலிருந்து பிங்கன் வரை ரைன் ஆறு கூடவே வரும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், நடுவில் லோரலைப் பாறை. 65 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பதினோரு வருடம் கழித்தும் அந்த இடத்தில் நான் கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள், விமானத்தில் இது கிடையாது. மைன்ஸில் இறங்கி ஒரு காபி, பிறகு பாசல் ரயில்.

கடைசியாக பாசல். இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியிலிருந்து போகும்போது முதலில் வருவது பாசல் பாடிஷர் பான்ஹோஃப். ஸ்விஸ் மண்ணில் இருக்கும் ஜெர்மன் ஸ்டேஷன் அது. அங்கே இறங்காதீர்கள். அடுத்து சில நிமிடத்தில் ஸ்விஸ் ரயில்வேயின் ஸ்டேஷனான பாசல் எஸ்பிபி வரும், அதுதான் உங்களுக்கு. நான் மாமனார் மாமியாரை முதல் பாசலில் இறக்கிவிட்டு, ரயில் போன பிறகு பலகையைப் படித்தேன். அந்த அரைமணி நேரம் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எஸ்பிபியிலிருந்து சூரிக்குக்கு ஏறக்குறைய அரைமணிக்கு ஒரு ரயில், பயணம் ஒரு மணி நேரம். அதனால் அங்கே தவறவிட்டாலும் உலகம் முடிந்துவிடாது.


முதல்முறைப் பயணி:

அக்கா, இதைப் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ரைன் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தார், விமானப் பேச்சு நின்றது. சூட்கேஸ் பத்தியை அம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இன்னும் இரண்டு. அம்மாவுக்குப் படி ஏறுவது சிரமம், ஏதாவது ஏற்பாடு உண்டா? பாரிஸில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? இத்தாலி பக்கம் யாராவது சொல்லுங்களேன்.


பாஸ் பக்தன்:

ரைன்கரைக்காரி சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இவர்கள் பயணத்துக்கு டிக்கெட்தான் மலிவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்துக்குள்ளேயே காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு எங்கே போவது என்று முடிவு செய்கிற ஆளுக்குப் பாஸை அடிக்க ஆள் இல்லை. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாரிஸ் எனக்குத் தெரியும். அங்கே எல்லா ரயிலும் ஒரே இடத்திலிருந்து கிளம்பாது. கோல்ன் யூரோஸ்டாருக்கு கார் து நோர். ஸ்விட்சர்லாந்து, லியோன், மார்செய் என்றால் கார் து லியோன். ஸ்ட்ராஸ்பூர் என்றால் கார் து லெஸ்ட். டாக்ஸிக்காரரிடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாரிஸில் எந்தப் பிளாட்பாரம் என்று பெரும்பாலும் சுமார் 20 நிமிடம் முன்னால்தான் பலகையில் வரும். அதுவரை எல்லாரும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள், எண் வந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. அந்த நேரத்தில் கைபேசி, பணப்பை பத்திரம். புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே நுழைவை மூடிவிடுவார்கள். 45 நிமிடம் முன்னால் போனால் நிதானமாக இருக்கலாம். லண்டன் போகும் யூரோஸ்டாருக்குத்தான் பாஸ்போர்ட் சோதனை வரிசை, கோல்னுக்கு அது இல்லை. பிரான்ஸ் ரயிலில் சூட்கேஸ் மேல் பெயர் எழுதிய அட்டை கட்டுவது விதி, மறக்காதீர்கள்.


பினாரியோ ஏழு:

இத்தாலிக்கு நான். ஆறு வருடம் மிலானில் படித்து, வேலை பார்த்தவன். "பினாரியோ" என்றால் பிளாட்பாரம், "ரிதார்தோ" என்றால் தாமதம், "சோப்ரெஸ்ஸோ" என்றால் ரயில் ரத்து. இந்த மூன்று சொல் போதும், நான்காவது "ஷோப்பெரோ", வேலைநிறுத்தம். அது முன்கூட்டியே அறிவிக்கப்படும், அதனால் பயண வாரத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள். வேலைநிறுத்த நாளிலும் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்கள் சில கட்டாயம் ஓடும். தொலைதூர ரயில்களில் ஓடப்போவது எவை என்று பட்டியல் போடுவார்கள்.

சூரிக்கில் பிளாட்பாரம் 43 என்று வந்தால் நாற்பத்து மூன்று பிளாட்பாரம் கடக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். மேலே 3 முதல் 18 வரை, பூமிக்கு அடியில் 31 முதல் 34, 41 முதல் 44. நடுவே பல எண்கள் கிடையவே கிடையாது. மேலே மண்டபத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். சிவப்பு நொடிமுள் சுமார் 58 நொடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு, உச்சியில் கொஞ்சம் நின்று, நிமிடமுள் நகர்ந்த பிறகுதான் மறுபடி ஓடும். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்தது. உங்கள் மகளுக்கு அதுவே பத்து நிமிடப் பொழுதுபோக்கு. மிலான் போகும் வழியில் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம், 2016இல் திறந்தது. உள்ளே இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வெளியே வந்தால் அறிவிப்பும் ஊர்ப் பலகையும் இத்தாலிய மொழிக்கு மாறியிருக்கும், ஆனால் இன்னும் ஸ்விட்சர்லாந்துதான்.

மிலான் சென்ட்ராலேயில் டிக்கெட் காட்டினால்தான் பிளாட்பாரத்துக்குள் விடுவார்கள். அதற்கு வெளியே டிக்கெட் மெஷின் பக்கத்தில் யாராவது சிரித்துக்கொண்டே உதவ வந்தால், சூட்கேஸைத் தூக்கித் தர வந்தால், "நோ, கிராட்ஸியே" என்று சொல்லிவிட்டு நகருங்கள். முடிவில் காசு கேட்பார்கள், அல்லது காசு தானாகவே போயிருக்கும். காகிதத்தில் வாங்கிய உள்ளூர் ரயில் டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்து மெஷினில் குத்த வேண்டும். தேதியும் நேரமும் அச்சாகவில்லை என்றால் டிக்கெட் இருந்தும் அபராதம். மிலான்–வெனிஸ் அதிவேக ரயிலுக்கு இந்தக் குத்தல் தேவையில்லை, அது ஏற்கெனவே நேரமும் இருக்கையும் குறித்தது.

வெனிஸிலும் ஒரு பாசல் இருக்கிறது. முதலில் வருவது வெனேஸியா மெஸ்த்ரே, அது கரையில் உள்ள சாதாரண ஊர். தங்குமிடம் அங்கே இருந்தால் ஒழிய இறங்காதீர்கள். அடுத்தது வெனேஸியா சாந்தா லூச்சியா. இரண்டுக்கும் நடுவே ரயில் கடல்நீருக்கு மேல் போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். ஸ்டேஷன் கதவைத் தாண்டினால் எதிரே தெரு இல்லை, பெரிய கால்வாய். படகு டிக்கெட் அங்கேயே வாங்கலாம்.


ரைன்கரைக்காரி:

அம்மாவின் முழங்காலுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதியிலேயே உதவி உண்டு, இலவசம். குறைந்தது 24 மணி நேரம் முன்னால் சொல்லிவைத்தால் ஸ்டேஷனில் ஓர் ஆள் வந்து ஏற்றி, இறக்கிவிடுவார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், நடக்கச் சிரமப்படுபவருக்கும் அது உண்டு. லிஃப்ட் பெரிய ஸ்டேஷன்களில் எல்லாம் இருக்கிறது. வேலை செய்கிறதா என்பது அன்றைய அதிர்ஷ்டம், இதனாலும்தான் அந்த 30 நிமிடம்.

ஸ்விஸ் இன்டர்சிட்டியில் பல இரண்டு மாடி. கீழ் மாடிக்குப் பிளாட்பாரத்திலிருந்து ஏறக்குறைய சமமாக நுழையலாம், அம்மா அங்கே உட்காரட்டும். சில வண்டிகளில் கடைசி கோச்சின் மேல் மாடியில் குழந்தைகளுக்குச் சறுக்குமரம் வைத்த விளையாட்டு இடம் இருக்கிறது. ஆக, ஒருவர் மகளோடு மேலே, ஒருவர் அம்மாவோடு கீழே. யார் எங்கே என்று அப்பாவோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாரிஸ் தவிர மற்ற இடங்களில் 20 நிமிடம் முன்னால் போனால் போதும். ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் நுழைவில் தடுப்புக் கதவு கிடையாது, நேரே பிளாட்பாரத்துக்குப் போகலாம். டிக்கெட்டை ரயிலுக்குள்தான் பார்ப்பார்கள். பிளாட்பார எண் முதலிலேயே தெரியும், ஆனால் கடைசி நேரத்தில் மாறும். செயலியைத் திறந்தே வையுங்கள், டிக்கெட்டைப் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் போய்ப்போய் வரும்.


முதல்முறைப் பயணி:

போய் வந்துவிட்டோம். கடன்பட்ட மாதிரி இருந்ததால் எழுதுகிறேன்.

பாரிஸில் பலகையில் எண் வந்ததும் நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்து அப்பா சிரித்தார், "எழுதியிருந்தார்களே" என்று. கோல்னில் நாங்கள் டி எழுத்துக்குக் கீழே கச்சிதமாக நின்றோம். ரயில் தலைகீழாக வந்தது. அறிவிப்பு புரியவில்லை, ஆனால் எல்லாரும் ஓடியதைப் பார்த்ததும் என் மகள் "தலைகீழ்!" என்று கத்தினாள். ஓடாமல் எதிரே இருந்த கதவில் ஏறிவிட்டோம், இரண்டு கோச் உள்ளே நடந்தோம். நான்கு சூட்கேஸ்தான், நடுத்தரம்.

ரைன் பக்கம் மழை. கோட்டைகள் பாதி மேகத்துக்குள். இடது பக்க ஜன்னலை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. மைன்ஸில் 50 நிமிடம் இருந்தது, காபி குடித்தோம். உதவிக்கு வந்த இளைஞர் அம்மாவை லிஃப்டில் கூட்டிப்போனார், வழியில் ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை. பாசலில் முதல் ஸ்டேஷன் வந்ததும் நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எதிர் இருக்கைப் பெண்மணி என்ன நினைத்தாரோ.

பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டதை யாரும் கேட்கவில்லை. மெஸ்த்ரேயில் மட்டும் அம்மா எழுந்துவிட்டார், உட்காரவைத்தோம்.

ஒரு சந்தேகம். வழியில் ஒரு ரயில் 74 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் ஆளுக்கு 40 யூரோ. திரும்பக் கேட்க முடியுமா, இல்லை அதோடு போகட்டும் என்று விட்டுவிடவா?


ரைன்கரைக்காரி:

விடாதீர்கள். போய்ச் சேர வேண்டிய இடத்தில் 60 நிமிடம் முதல் 119 நிமிடம் வரை தாமதம் என்றால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50. உங்களுக்கு ஆளுக்கு 10 யூரோ. கடும் புயல் மாதிரி ரயில்காரர் கையில் இல்லாத காரணம் என்றால் மறுக்கலாம், மற்றபடி தர வேண்டியதுதான். டிக்கெட் விற்றவரின் தளத்தில் இழப்பீட்டுப் படிவம் இருக்கும், டிக்கெட் எண்ணும் ரயில் எண்ணும் வேண்டும். மூன்று மாதத்துக்குள் அனுப்புங்கள். 4 யூரோவுக்குக் குறைவான தொகை என்றால் தர மாட்டார்கள், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்த பயணத்துக்கான கூப்பனாக அனுப்பிவைத்தால், பணமாகத்தான் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்டால் பணமாகக் கொடுத்தாக வேண்டும்.

மழையில் பார்த்தீர்களா? சரி, அப்பாவிடம் சொல்லுங்கள், அந்த ஜன்னல் வெயிலிலும் இருக்கிறது.